விழுப்புரம் தூரம், சிங்கப்பூர் பக்கம்

தொலைபேசி இலாகாவின் எண் வரிசையிலே விழுப்புரத்துக்கு 04146 என்றும், திண்டிவனத்துக்கு 04147 என்றும் குறியீடுகள் அமைந்திருக்கின்றன. ஒரே ஓர் இலக்கத்தின் வித்தியாசம். நெடுஞ்சாலையிலே சுமார் நாற்பது கிலோமீட்டர். ரயிலேறி ஒரு வாரப் பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆயினும் என் பிள்ளைப் பிராயத்திலே இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே நாலு வார்த்தை பேசவேண்டுமென்றால், தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, அங்கே கிடந்த மரப்பெஞ்சியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபரேட்டர் அம்மாளின் கிருபை எப்போது நம் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அழைப்புகளில் மூன்று ஜாதிகள் உண்டு. சாவுச் சேதியைத் தவிர வேறெதற்காகவும் எங்கள் தெருவில் எவரும் மின்னலை விலை கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

இன்று அதே திண்டிவனத்திலே, எங்கள் எதிர்வீட்டுத் திண்ணையிலே, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள், தெருவுக்கெல்லாம் அவர் 'ஆயா', முறத்திலே புளியைக் கொட்டி ஓடும் கொட்டையும் நீக்கிக்கொண்டே, சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் தம் பேரனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். (புளி ஆய்வதற்குப் பொருத்தமான ஊர்தான், திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனமாயிற்று என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம்.) கைப்பேசி சொம்பின்மேல் சாய்ந்து நிற்கிறது. "சாப்ட்டியாடா?" என்கிறார் ஆயா. "ஆச்சு ஆயா, நீ சாப்ட்டியா?" என்கிறான் அவன். பிறகு ஐந்து நிமிஷம் இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. அவன் அங்கே சட்டை மடிக்கிறான். இவர் இங்கே புளி ஆய்கிறார். கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றம் எந்தப் பக்கத்திலும் இல்லை. தொலைபேசியிலே மௌனமாக இருப்பதற்கு ஏழைகளுக்குக் கிடைத்த இந்த உரிமை, இணையவழி அழைப்பு நமக்குச் செய்துகொடுத்த சௌகரியங்களுள் எல்லாம் பெரியது என்பது என் அபிப்பிராயம். அதன் விலை என்ன, அந்த விலையை யார் எப்போது கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமையை இளைஞர்களுக்குச் சொல்லியாகவேண்டும். இந்தியாவிலே ஆபரேட்டர் தயவின்றி வெளியூருக்கு நேராகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-ஆம் வருஷம் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதன்முதலில் ஆரம்பமாயிற்று. அது சிற்றூர்களின் கடைவீதிக்கு மஞ்சள் பலகையாக வந்து சேர்வதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1984-இல் ஸ்தாபிக்கப்பட்ட சி-டாட் என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிலையம், குளிர்சாதன வசதியில்லாத கட்டடத்திலும் வெயிலையும் புழுதியையும் தாங்கி நிற்கக்கூடிய சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கிக் கொடுத்த பிறகுதான், செஞ்சியிலும் மரக்காணத்திலும் உள்ளவர்களுக்குத் தொலைபேசி என்பது தாசில்தார் வீட்டுப் பொருளாக இராமல் போயிற்று. விழுப்புரம் ஜங்ஷன் வாசலிலும் திண்டிவனம் பஸ் நிலையத்தைச் சுற்றியும் கண்ணாடிக் கூண்டுகள் முளைத்தன. இரவு பதினொரு மணிக்கு மேல் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதனால், கைக்குழந்தையோடு தாய்மார்கள் அந்த அகாலத்திலே வரிசையில் நின்ற காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கூண்டுக்குள்ளே சிவப்பு எண்கள் ஓடும். பேசுகிறவரின் கண் அந்த எண்ணின்மேலேயே இருக்கும். வாய் மாத்திரம் துபாயிலிருக்கும் புருஷனோடு பேசும். பிற்காலத்தில் பக்கத்துப் பிரதேசங்களுக்கு 0-வுக்குப் பதில் 95 போட்டால் செலவு குறையும் என்று ஓர் ஏற்பாடு வந்தபோது, 954147 என்ற ஆறு இலக்கங்களை விழுப்புரத்து வியாபாரிகள் மந்திரம் போல ஜபித்தார்கள். வெளிநாட்டுக்கோ நிமிஷத்துக்கு ஐம்பது, அறுபது ரூபாய். ஆகையால் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியிலே, வாசனைத் திரவியத்தோடும் டார்ச் லைட்டோடும், சகாக்கள் தங்கள் வீட்டாருக்காகப் பேசிப் பதிந்த ஒலிநாடாக்களும் வந்து சேரும். பதில் நாடா அடுத்த ஆள் பயணம் போகும்போது போகும். மனைவி கேட்ட கேள்விக்குப் புருஷனுடைய மறுமொழி கிடைக்க நான்கு மாதம்.

இத்தனை செலவு ஏன் இருந்தது, இப்போது எங்கே மறைந்தது என்பதை விளங்கிக்கொள்ள, விழுப்புரத்துக்காரர்கள் வேறெங்கும் போகவேண்டாம். தங்கள் ஜங்ஷனின் மேம்பாலத்தில் ஏறி நின்று பார்த்தாலே போதும். அங்கிருந்து சென்னைக்கு ஒரு பாதை, திருச்சிக்கு ஒரு பாதை, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒரு பாதை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒரு பாதை, 1879-ஆம் வருஷம் முதல் புதுச்சேரிக்கு ஒரு பாதை என்று ஐந்து திக்குகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. பழைய தொலைபேசி முறையாவது, ஒருவர் எழும்பூருக்குப் பேசவேண்டும் என்பதற்காக இங்கிருந்து எழும்பூர் வரையில் ஒரு பாதையை முழுவதும் அவருக்கென்றே ஒதுக்கி, அவர் பேசாமல் மூச்சு வாங்கும் நேரத்திலும் வேறெந்த வண்டியையும் அதில் விடாமல் காத்திருப்பது. இணையவழி அழைப்போ, குரலை விநாடிக்கு 8,000 தடவையோ அதற்கு மேலோ அளந்து, எண்களாக்கி, சுருக்கி, விநாடிக்கு ஏறத்தாழ ஐம்பது சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் விலாசம் எழுதி, எந்தப் பாதை காலியாக இருக்கிறதோ அந்தப் பாதையில் அனுப்பிவிடுகிறது. ஒரு பெட்டி செங்கல்பட்டு வழியாகப் போகலாம். மற்றொன்று காட்பாடியைச் சுற்றிக்கொண்டு போகலாம். சேருமிடத்தில் அவற்றை வரிசைப்படி கோத்து மறுபடியும் வண்டியாக்குகிறார்கள். பாதையைப் பலரும் பங்கிட்டுக்கொள்வதால் தலைக்கு விழும் செலவு அற்பமாகிறது. ஒரு நிமிஷம் குரலில் மாத்திரம் பேசினால் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குக்கூடக் கேடில்லை. முகமும் தெரியவேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு.

ஆனால், பிந்தி வந்த பெட்டிக்காக வண்டி காத்து நிற்பதில்லை. அதை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடும். அந்த இடத்தில்தான் நமக்குக் குரல் 'கொரகொர' என்று உடைந்து, வாக்கியத்தின் நடுவில் ஒரு வினைச்சொல் காணாமற்போகிறது. பேசுகிறவர் வாயிலிருந்து கேட்கிறவர் செவிக்கு 150 மில்லி விநாடிக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் சம்பாஷணை இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் வகுத்த பிரமாணம். அதைத் தாண்டினால் இருவரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்து, ஒரே சமயத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று உபசாரம் செய்துகொள்ளவேண்டியதுதான். இதிலே வேடிக்கையான ஓர் உண்மையும் உண்டு. இப்போது நாம் 'சாதாரண கால்' என்று சொல்லுகிற 4ஜி அழைப்பும் இதே பொட்டலம் கட்டும் வித்தைதான். ஆனால் கம்பெனி தன் சொந்தக் குரல் பொட்டலங்களுக்கு எக்ஸ்பிரஸ் வண்டிக்குரிய பச்சை விளக்கைக் கொடுக்கிறது. வாட்ஸ்அப் பொட்டலமோ, முண்டியம்பாக்கத்தில் பக்கத்து லைனில் ஒதுங்கி நின்று எக்ஸ்பிரஸுக்கு வழிவிடும் பாசஞ்சர்.

குரலைப் பொட்டலமாகக் கட்டும் பரிசோதனைகள் 1970-களிலேயே அமெரிக்க ஆர்ப்பாநெட்டில் நடந்துவிட்டன. வோகல்டெக் என்ற இஸ்ரேல் கம்பெனி 1995-இல் அதைக் கடைச்சரக்காக்கியது. அதே வருஷம் ஆகஸ்ட் 15-இல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது; ஆனால் அதன் வழியே பேசுவது மாத்திரம் சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு அழைப்பின் ஏகபோகம் வி.எஸ்.என்.எல். என்னும் அரசாங்கக் கம்பெனியின் கையில் இருக்க, அதற்கு வரும் ஐம்பது ரூபாயை ஐந்து ரூபாயாக்கும் உபாயத்தை அரசாங்கம் எங்ஙனம் அநுமதிக்கும்? 2002 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த ஏகபோகமும் முடிந்தது, இணையவழிப் பேச்சும் அநுமதிக்கப்பட்டது. அந்த வருஷமே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வங்கக் கடலின் அடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று வேலை செய்யத் தொடங்கியதையும் இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும். ஆயாவின் புளி முறத்துக்கும் பேரனின் இரும்புக் கட்டிலுக்கும் நடுவே ஓடுவன இதுபோன்ற கேபிள்களே. திண்டிவனத்து பிரவுசிங் சென்டர்களில் ஒலிவாங்கி பொருத்திய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே அரை மணியைச் செலவிட்டுவிட்டுப் பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்த தலைமுறை ஒன்று உண்டு. 2003-இல் ஸ்கைப் வந்தது. 2015-இல் வாட்ஸ்அப்பில் குரலும், மறுவருஷத்தில் முகமும் வந்தன. அந்த 2016-ஆம் வருஷம் செப்டம்பரிலே ஜியோ தன் கடையைத் திறந்து டேட்டாவைத் தண்ணீர் போலத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது சரித்திரமன்று; கண்முன்னே காணும் நடப்பு.

கம்பெனிகள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன என்று எண்ணவேண்டாம். 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழி அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, நாடெங்கும் எழுந்த கூச்சலைக் கண்டு சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கியது. இந்தியாவில் கூச்சலிட்டு நிறுத்தக்கூடியதை ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நிறுத்த முடியவில்லை. அங்கே லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளின் ஏற்பாட்டைத் தவிர வேறு வழியில் நெட் கால் பேசுவதற்கு இடமில்லை. வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், குரல் போகாது. சவூதி அரேபியா 2017-இல் தடையைத் தளர்த்தியது. ஆகவே ஒரே தெருவில் தம்மாமில் மகன் உள்ள வீட்டுக்கு ஒரு நியாயம், துபாயில் மகன் உள்ள வீட்டுக்கு வேறொரு நியாயம். "எல்லாரும் வாட்சப்புல வராங்க, நீ மட்டும் ஏன்டா வரமாட்டேங்குற?" என்று கேட்கும் தாய்க்கு, "இங்க அது எடுக்காதும்மா, போட்டிம்ல வா" என்று சொல்லி, அந்தச் செயலியை எப்படி இறக்குவது என்பதை அதே தடைப்பட்ட வழியின் எழுத்திலே அவன் விளக்கவேண்டியிருக்கிறது. அந்தத் தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால், ரீசார்ஜ் கடைப் பையன்தான் தூதன்.

நன்மைகளை விவரிக்கும்போது மலிவை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொள்வது அநியாயம். எழுத்தறியாதவர்களுக்கு இது முதல் தபாலாபீஸ். அவர்கள் பெயரைத் தேடுவதில்லை, படத்தைத் தொடுகிறார்கள். பிறவியிலேயே செவி கேளாதவர்களுக்கோ, அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-இல் கண்டுபிடித்த தொலைபேசி ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெறும் பெட்டியாகவே இருந்தது. முகம் காட்டும் அழைப்பு வந்தபிறகே, கையசைவு மொழியிலே, அவர்களுக்கும் 'பேச' முடிந்தது. விழுப்புரம் ரயிலடியில் ஓர் இளைஞன் கைப்பேசியைத் தூணில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் யாரோடோ பலமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததை நான் ஒரு நாள் பார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு அவர்களைப் பற்றிய கவலையே இல்லை. தொலைதூரத்திலிருந்து கோபித்துக்கொள்ளும் பாக்கியம் அவனுக்கு எவ்வளவு தாமதமாகக் கிடைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்திலே சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் பல வாரங்கள் வெளிவராமல் அடைபட்டுக் கிடந்தவர்களுள் தமிழர்கள் அநேகர். அந்த நாட்களில் இங்கே தகப்பன் இறந்தால் அங்கிருந்து மகன் வருவதற்கு விமானமில்லை. தென்னார்க்காட்டுச் சீமையின் சுடுகாடுகளில் யாராவது ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பதும், அதன் கண்ணாடிக்குள்ளே ஒரு முகம் விம்முவதும் அப்போது வழக்கமாகிவிட்டன. கொள்ளி வைக்க முடியாவிட்டாலும் பார்க்கவாவது முடிந்ததே என்று சொல்வோரும் உண்டு. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்ன ஒருவனையும் நான் அறிவேன். இரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுக்க எனக்குத் தைரியம் இல்லை.

முகம் தெரிவதிலே வேறொரு சங்கடமும் இருக்கிறது. கடிதத்திலும் ஒலிநாடாவிலும் ஒருவன் தன் வறுமையை மறைக்கலாம். இங்கே மறைக்க முடியாது. பேரன் இளைத்திருப்பது ஆயாவுக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக் கூரையில் ஓடு விலகியிருப்பது பேரனுக்குத் தெரிந்துவிடுகிறது. சில மனைவிமாரிடம் புருஷன்மார் கைப்பேசியைச் சுற்றிக் காட்டச் சொல்லி, யார் வந்திருக்கிறார்கள், எங்கே போயிருந்தாய் என்று அறையறையாய்ச் சோதனை போடுகிறார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம். சிவப்பு எண் ஓடிய காலத்தில் சந்தேகப்படுவதற்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

இனி, நான் சொல்லவந்த விலையின் கதைக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிற்று என்று சொல்வதற்கில்லை. கரையேறியபின் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. திண்டிவனத்துக்கு அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைகளை மறந்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின்மேல் வெள்ளம் பாய்ந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதனால் வண்டிகள் நின்றன. மின்சாரம் போனது, மின்சாரத்தைத் தொடர்ந்து, பேட்டரி தீரத்தீர, கோபுரங்கள் ஒவ்வொன்றாய் மௌனமாயின. என் வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு இருந்தது. அதன் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கைப்பேசி இருந்தது. அதற்கு டவர் வேண்டும். நாற்பது கிலோமீட்டரில், விழுப்புரத்திலே, தாழ்வான பகுதியில் தனியாக இருந்த என் தமக்கையார் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

அன்று எனக்குச் சேதி வந்த விதத்தை வாசகர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தமக்கையாரின் பக்கத்து வீட்டுப் பையன் மொட்டை மாடியில் ஏறி நின்றபோது இரண்டு நிமிஷம் சிக்னல் வந்திருக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் குடும்பக் குழுவுக்கு, "எல்லாரும் மேல் மாடியில இருக்கோம், பெரியம்மாவும் எங்ககூடதான் இருக்காங்க" என்று குரல் பதிந்து அனுப்பிவிட்டான். அதைச் சிங்கப்பூரிலுள்ள என் தமக்கை மகன் உடனே கேட்டுவிட்டான். அவன் என்னை வாட்ஸ்அப்பில் தேடினான், நான் இல்லை. அப்புறம் சாதாரண அழைப்பிலே விடாமல் முயன்று, எங்கள் தெருவில் இன்னொரு கம்பெனியின் சிம் வைத்திருந்த எதிர்வீட்டு ஆயாவின் நம்பரைப் பிடிக்க, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினார். விழுப்புரத்துச் சேதி சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தது. காட்பாடி வழியாகப் போகும் பெட்டியைப் பற்றி மேலே எழுதியது உபமானம்தான். ஆனால் அன்றிரவு அது பிரத்தியட்சமாக நடந்தது.

இணையத்தின் மகிமை என்று இதைச் சொல்லலாம். நானும் பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான், எங்கள் வீட்டுச் சுவரில் முன்பு தொங்கிய அந்தக் கறுப்புத் தொலைபேசியின் நினைவு வந்தது. அதற்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. செப்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். எக்ஸ்சேஞ்சின் அடித்தளத்தில் வரிசையாகப் பேட்டரிகள், அவற்றுக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர், அவற்றைக் காவல் காக்கச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர். கம்பி அறுந்தால் போச்சு என்பது மெய்தான். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் கம்பத்தையும் கம்பியையும் சேர்த்தே சாய்த்தது. ஆயினும், இணைப்பு இல்லையென்றால் புகார் எழுதிக் கொடுப்பதற்கு ஓர் ஆபீசும், அதை வாங்கி வைத்துக்கொண்டு நம்மை முறைப்பதற்கு ஒரு குமாஸ்தாவும் இருந்தார்கள். ஸ்கைப்பை 2011-இல் விலைக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2025 மே மாதம் 5-ஆம் தேதி அதை இழுத்து மூடியது. அதில் மட்டுமே பேசிப் பழகிய கிழவர்கள் எந்த ஜன்னலில் போய் நிற்பது?

நாம் நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தபோது அதிலே பெரும்பகுதி கொள்ளைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதன் ஒரு பகுதி அந்தப் பேட்டரிக்கும் அந்தக் காவல்காரருக்கும் போயிற்று. இப்போது நாம் பேசுவதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஆகையால் நமக்குக் கடமைப்பட்டவர்களும் ஒருவருமில்லை. செயலிக்காரரைக் கேட்டால் பாதை தம்முடையதல்ல என்பார்; பாதைக்காரரைக் கேட்டால் குரல் தம்முடையதல்ல என்பார். வாட்ஸ்அப்பில் 108-ஐக் கூப்பிட முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சாதாரண அழைப்பையே நாடவேண்டும். இதைச் சிறு குழந்தைக்கும் வயோதிகர்களுக்கும் எந்த வீட்டிலாவது சொல்லிவைத்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

எண்களின் விஷயமும் அப்படியே. 04147 என்று வந்தால் திண்டிவனம். அழைப்பவன் பொய் சொன்னாலும் எண் பொய் சொல்லாது. இப்போது திரையிலே போலீஸ் உடுப்பும், பின்னால் கொடியும், மேஜைமேல் முத்திரையும் தெரிய ஒருவன் தோன்றி, "உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, காமிராவை அணைக்காதீர்கள், நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால், ஓய்வுபெற்ற உபாத்தியாயர்கள்கூட நடுங்கிப் போய், பிராவிடண்ட் பண்டை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் எங்குமே கிடையாது என்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்லவேண்டி வந்தது. பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால் சில சமயம் வழியில் மடக்கிவிடுகிறார்கள். அந்த உடுப்புக்காரர்களுள் சிலர், வேலை என்று நம்பி மியான்மாருக்கும் கம்போடியாவுக்கும் போய்ச் சிறைப்பட்டு, அடிக்குப் பயந்து நடிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளாகவே இருக்கக்கூடும் என்பது இதிலுள்ள பெருந்துக்கம். 2022-இல் மியான்மாரிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள்.

அந்தரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் பேச்சு 2016 முதல் இரு முனைகளுக்கும் நடுவே எவரும் கேட்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. ட்ரங்க் கால் ஆபரேட்டர் அம்மாள் எங்கள் வீட்டுக் கல்யாணச் சம்பந்தத்தையெல்லாம் எங்களுக்கு முன்பே அறிந்திருந்ததை நினைத்தால் இது எவ்வளவோ மேல். பூட்டு பலமானது, கதவுதான் நம்பத்தக்கதன்று. 2019-இல் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள், எடுக்கப்படாத ஒரு வாட்ஸ்அப் அழைப்பின் வழியாகவே கைப்பேசிக்குள் புகுந்தது. சாமானியர்களுக்கு அந்த அபாயம் எட்டாத தூரம். அவர்கள் விஷயத்தில் பூட்டை உடைப்பவர், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்கும் மைத்துனர்.

வெள்ளம் வடிந்த பிறகு விழுப்புரத்துக்குப் போனேன். தமக்கையார் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேறு கோடு போட்டிருந்தது. கைப்பேசி நனைந்து போனதனால் அவருக்கு ஒருவருடைய நம்பரும் தெரியவில்லை. என்னுடையதும், பெற்ற மகனுடையதும்கூட. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்ததாம். ஆனால் அந்தச் சேற்றுக்கோட்டுக்கு மேலே, அலமாரிக் கதவின் உட்புறத்திலே, காலஞ்சென்ற என் அத்திம்பேர் பால்பாயிண்ட் பேனாவினால் எழுதிவைத்த எண்கள் அழியாமல் இருந்தன: அரிசி மண்டி, டாக்டர், காஸ் ஏஜென்சி, நான். என் பெயருக்கு எதிரே 04147 என்று தொடங்கும் எண். அந்த இணைப்பை நான் எட்டு வருஷத்துக்கு முன்பே சரண்டர் செய்துவிட்டேன். பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் இப்போதைய பத்து இலக்கங்களையும், அதன் கீழே சிங்கப்பூர்ப் பிள்ளையின் எண்ணையும், அதற்கும் கீழே 108-ஐயும் எழுதினேன். "அந்தப் பழசை ஏன்டா அடிச்ச?" என்று கேட்டார் தமக்கையார். "அவர் கையெழுத்துடா அது."